என் கூரை, அவர் தரை

அண்மையில் தொலைக்காட்சிக் கருத்துக்களம் ஒன்றில் கலந்துகொண்டேன். வீட்டுப் பராமரிப்பும் அண்டை வீட்டாரும் என்பது தலைப்பு. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஒரு பெண்மணி எழுந்து கேட்டார்: "மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் என் தலையில் சொட்டுகிறது. நகர மன்றத்தைக் கேட்டால் அது வீட்டுக்குள் நடப்பது, எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். வீவகவைக் கேட்டால் மேல்வீட்டாரோடு பேசுங்கள் என்கிறார்கள். மேல்வீட்டார் கதவையே திறப்பதில்லை. வீடு என் பெயரில்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கூரை யாருடையது?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. தொலைக்காட்சியில் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்தான் கொடுப்பார்கள். விதியைச் சொன்னேன், நேரம் முடிந்தது. ஆனால் அவர் கேட்டது விதியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, அது வரலாற்றுக் கேள்வியும்கூட. சிங்கப்பூரில் 'என் வீடு' என்ற சொல்லுக்குள் எவ்வளவு 'என்' இருக்கிறது, எவ்வளவு 'நம்' இருக்கிறது என்பது கடந்த அறுபது ஆண்டுகளில் பல முறை மாறியிருக்கிறது. அங்கே சொல்ல நேரமில்லாததை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

கூரை ஒழுகினால் ஏறி ஒட்டுவோம்

கம்பத்து வீட்டில் இந்தக் கேள்வியே எழாது. அத்தாப்புக் கூரையோ துத்தநாகத் தகடோ, ஒழுகினால் வீட்டு ஆண்பிள்ளை ஏணி வைத்து ஏறுவார். அண்டை வீட்டுக்காரர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார். நிலம் வேறொருவருடையதாக இருக்கலாம், ஆனால் கூரை நம்முடையது. சைனாடவுன் கடைவீடுகளின் நிலைமை இதற்கு நேர்மாறு. ஒரே மாடியைப் பலகை வைத்துத் தடுத்துப் பல குடும்பங்கள் இருந்தன. அங்கே யாருக்கும் கூரை சொந்தமில்லை, வாடகை வாங்குபவரிடம் முறையிடலாம், அவ்வளவுதான்.

நம்மவர்களில் பெரும்பகுதியினருக்கு வேறொரு அனுபவம். துறைமுகம், நகராட்சி, இரயில்வே, செம்பவாங் கடற்படைத் தளம் ஆகியவற்றில் வேலை செய்தவர்கள் முதலாளி கொடுத்த வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். என் தந்தை துறைமுகத் தொழிலாளி. நான் பிறந்தது அப்படி ஒரு வரிசை வீட்டில்தான். கதவின் தாழ்ப்பாள் உடைந்தாலும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேலை போனால் வீடும் போகும். இந்த மனப்பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

1927ல் பிரிட்டிஷ் அரசு சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதியத்தை அமைத்தது. 1930களில் அது தியோங் பாருவில் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன, இப்போது அங்கே காப்பி குடிக்க வரிசை பிடிக்கிறார்கள். ஆனால் 1959 வரையிலான முப்பத்திரண்டு ஆண்டுகளில் அது கட்டியது சுமார் 23,000 வீடுகள்தான். தீவின் மக்கள்தொகையோ 1.6 மில்லியனை எட்டிக்கொண்டிருந்தது. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவர். அடுத்த ஆண்டு மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று, புக்கிட் ஹோ சுவீயில் தீப்பிடித்தது. சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அதே வட்டாரத்தில் அவசரமாக எழுந்த அடுக்குமாடிகளைப் பார்த்த பிறகுதான் புதிய கழகத்தால் கட்ட முடியும் என்று மக்கள் நம்பத் தொடங்கினார்கள். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 50,000க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன.

வாடகை, ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60. குழாயைத் திருகினால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம், வீட்டுக்குள்ளேயே கழிவறை. 1960களின் நடுவில் எங்கள் குடும்பம் புக்கிட் மேரா பக்கம் குடிபோனபோது என் தாயார் முதல் வாரம் முழுவதும் கழிவறைச் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. விவசாயக் குடும்பங்கள் கோழி, வாத்து, ஏன் பன்றிகளைக்கூடப் படியேற்றிக் கொண்டுவந்த கதையை லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இன்று நாம் அதைச் சிரிப்பாகச் சொல்கிறோம். அவர்கள் பார்வையில் பன்றி என்பது சேமிப்பு, அதை எங்கே விட்டுவிட்டு வருவார்கள்?

அந்தக் காலத்தில் வீவகதான் வீட்டுக்காரர். குழாய் கசிந்தால் வட்டார அலுவலகம், விளக்கு எரியாவிட்டால் வட்டார அலுவலகம், பக்கத்து வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் குப்பை வைத்தாலும் அதே அலுவலகம். வரிசை வீட்டிலிருந்து வந்த என் தந்தைக்கு இது பழகிய ஏற்பாடு. மேற்பார்வையாளர் போய் அதிகாரி வந்தார், அவ்வளவுதான் மாற்றம். ஒரு முறை குழாயின் ரப்பர் வளையம் தேய்ந்துபோனது. கடையில் சில காசுக்குக் கிடைக்கும் பொருள். நான் வாங்கி மாட்டப் போனேன். "தொடாதே, அவர்கள் வீடு" என்று தடுத்தார்.

வாங்கியது எதை?

1964ல் மக்களுக்கு வீட்டுடைமைத் திட்டம் வந்தது. குவீன்ஸ்டவுனில் முதல் தொகுதி வீடுகள் விற்பனைக்கு வந்தன. ஈரறை 4,900 வெள்ளி, மூவறை 6,200 வெள்ளி. இன்று இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. அன்றைய சம்பளத்துக்கு முன்பணம் கட்டுவதே மலையாக இருந்தது, அதனால் தொடக்கத்தில் வேகம் குறைவு. 1968ல் மத்திய சேமநிதியை முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் பயன்படுத்தலாம் என்று ஆனதுதான் திருப்புமுனை. கையிலிருந்து காசு போகாமல் வீடு வாங்கலாம். வாடகைக்காரர் தேசம் சில பத்தாண்டுகளில் உரிமையாளர் தேசமாக மாறியது.

ஆனால் மக்கள் வாங்கியது சரியாக எதை? 99 ஆண்டுக் குத்தகையில், நான்கு சுவர்களுக்கு உட்பட்ட இடத்தை. தாழ்வாரம், படிக்கட்டு, மின்தூக்கி, மொட்டைமாடி, வெளிச்சுவர், கட்டடத்தின் எலும்புக்கூடு இவையெல்லாம் பொதுச் சொத்து. சாவி கொடுக்கும் நாளில் இதை யாரும் நின்று விளக்கியதாக எனக்கு நினைவில்லை. விளக்கியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது. 1973ல் தோ பாயோவில் மூவறை வீடு வாங்கியபோது என் தந்தை செய்த முதல் காரியம் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியது. இரண்டாவது காரியம், சமையலறைக் குழாய் கசிகிறது என்று வட்டார அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்த எழுத்தர், "இப்போது நீங்கள்தானே வீட்டுக்காரர்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். அவர் சந்தோஷப்பட்டாரா வருத்தப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து, "ரப்பர் வளையம் எங்கே கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

உரிமை வந்துவிட்டது, பழக்கம் வரவில்லை. 1970களிலும் 1980களிலும் வீவக சந்தித்த தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் பிறந்தது என்பது என் எண்ணம். வாசலுக்கு உள்ளே பளபளவென்று தரை, வாசலுக்கு வெளியே யாருக்கோ சொந்தமான உலகம். மாடியிலிருந்து பூந்தொட்டியும் பாட்டிலும் பறந்து வந்தன. மின்தூக்கியில் சிறுநீர் கழிப்பவர்களைப் பிடிக்க 1980களில் சிறுநீர் உணர்கருவி பொருத்த வேண்டியிருந்தது. ஈரம் பட்டால் மின்தூக்கி நின்றுவிடும், குற்றவாளி உள்ளே மாட்டிக்கொள்வார். உலகத்தில் வேறு எந்த நாட்டுக்காரரிடம் சொன்னாலும் வியப்பார்கள். 1978ல் வசிப்போர் குழுக்கள் தொடங்கப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான். பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாத உயரமான கட்டடத்தில் கம்பத்து உறவை எப்படியாவது ஒட்டவைக்கப் பார்த்தார்கள்.

ஒரு வீட்டுக்கு மூன்று பொறுப்பாளர்

1986ல் அங் மோ கியோவில் மூன்று நகர மன்றங்கள் பரிசோதனையாகத் தொடங்கின. 1988ல் நகர மன்றச் சட்டம் நிறைவேறியது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். அடுத்த சில ஆண்டுகளில் தீவு முழுவதும் பொது இடங்களின் பராமரிப்பு வீவகவிடமிருந்து நகர மன்றங்களுக்குக் கைமாறியது. தலைமையில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருப்பார்கள். மாதாமாதம் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தை அவர்கள் கையாள்வார்கள். அதில் ஒரு பகுதி அன்றாடத் துப்புரவுக்கும் விளக்குக்கும் போகும். இன்னொரு பகுதி நீண்டநாள் நிதியில் சேரும். சாயம் பூசுவது, மின்தூக்கி மாற்றுவது, கூரை ஓடு புதுப்பிப்பது போன்ற பெரிய செலவுகள் அதிலிருந்து வரும்.

இதன் நோக்கம் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. உங்கள் வாக்கு யாருக்குப் போகிறதோ அவர்தான் உங்கள் தாழ்வாரத்தையும் பார்த்துக்கொள்வார், ஆகவே யோசித்து வாக்களியுங்கள் என்பதே அது. அரசியல் நோக்கம் என்று எதிர்த்தவர்கள் உண்டு. பொறுப்பைக் கற்றுக்கொடுக்கும் வழி என்று வரவேற்றவர்களும் உண்டு. பொத்தோங் பாசிரிலும் பின்னர் ஹவ்காங்கிலும் எதிர்க்கட்சியினர் நகர மன்றம் நடத்திக் காட்டினார்கள். குப்பை அள்ளப்பட்டது, விளக்கு எரிந்தது. வெவ்வேறு புளோக்குகள் வெவ்வேறு சாயத்தில் மின்னத் தொடங்கின. அதுவரை சிங்கப்பூர் முழுவதும் ஒரே மாதிரியாகத் தெரிந்தது என்று முணுமுணுத்தவர்கள் இப்போது சாயத்தின் நிறத்தைப் பற்றி முணுமுணுத்தார்கள்.

என் பார்வையில் இந்த ஏற்பாடு பாதி வெற்றி. சுத்தம் கூடியது, முறையிட ஒரு முகம் கிடைத்தது. ஆனால் சாமானியருக்குக் குழப்பமும் கூடியது. தாழ்வாரத்து விளக்கு நகர மன்றத்தின் பொறுப்பு. கட்டடத்தின் கட்டமைப்பும் குத்தகை விதிகளும் வீவகவின் பொறுப்பு. வீட்டுக்குள் இருக்கும் குழாயும் தரையும் உங்கள் பொறுப்பு. ஒரே கட்டடத்துக்கு மூன்று பொறுப்பாளர்கள். தண்ணீருக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரியுமா? அது தன் போக்கில் இறங்குகிறது. அந்தப் பெண்மணியின் தொலைபேசி அழைப்புகள் வட்டமடித்ததற்குக் காரணம் எந்த அதிகாரியின் சோம்பலும் அல்ல. 1988ல் போடப்பட்ட கோடு அவருடைய குளியலறைக் கூரை வழியாகப் போகிறது.

நகர மன்றங்களின் பணம் யாருடைய பணம் என்பது 2008ல் பலருக்கும் சட்டென்று உறைத்தது. லீமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது, சில நகர மன்றங்கள் நம் கட்டணத்தில் சேர்ந்த நிதியின் ஒரு பகுதியை அதனோடு தொடர்புடைய முதலீடுகளில் போட்டிருந்தது தெரியவந்தது. 2015லும் 2016லும் மின்தூக்கி விபத்துகள் மக்களைக் கலங்க வைத்தன. 2016ல் பழைய மின்தூக்கிகளைப் பாதுகாப்பானவையாக மாற்ற 450 மில்லியன் வெள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2017ல் சட்டம் திருத்தப்பட்டு, மின்தூக்கி மாற்றுவதற்கென்று தனி நிதி வைக்க வேண்டும் என்றானது. இவ்வளவும் நடந்த பிறகும் நகர மன்றத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அரங்கில் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. உண்மையைச் சொல்வதானால், நானும் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

நான்கில் மூன்று பங்கு

வீடு பழசாகும் என்பதை உரிமையாளராகி இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான் நாம் கண்டுகொண்டோம். 1990ல் முதன்மை மேம்பாட்டுத் திட்டம் செயலுக்கு வந்தது. ஒரு வட்டாரத்தின் புளோக்குகளை மேம்படுத்த வேண்டுமென்றால் தகுதியுள்ள சிங்கப்பூரர் குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் சரியென்று வாக்களிக்க வேண்டும். அண்டை வீட்டார் முதன்முறையாக ஒருவர் பணப்பையை மற்றவர் தீர்மானிக்கும் நிலை வந்தது. 1997 பொதுத் தேர்தலில் எந்தத் தொகுதிக்கு மேம்பாட்டில் முன்னுரிமை என்பதே பெரிய பேச்சாக இருந்ததை அக்கால வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

2001ல் வந்த மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம்தான் அண்டை வீட்டாரின் மனத்தை உள்ளபடி காட்டியது. பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. செலவைக் குறைக்க, மூன்று நான்கு மாடிக்கு ஒன்றில் மட்டும் நிற்கும்படி கட்டினார்கள். எல்லா மாடியிலும் நிற்கும் மின்தூக்கிகள் 1990 முதல்தான் புதிய புளோக்குகளில் வழக்கமாயின. முப்பது வயதில் ஒரு மாடி ஏறி இறங்குவது பெரிதில்லை. எழுபது வயதில், முழங்கால் வலியோடு, அரிசி மூட்டையோடு என்றால் கதை வேறு. திட்டத்துக்கு இதிலும் 75 விழுக்காடு வேண்டும். குடும்பத்துக்குச் செலவு 3,000 வெள்ளிக்கு மேல் போகாது, மீதியை அரசாங்கமும் நகர மன்றமும் ஏற்கும்.

அப்போது எங்கள் புளோக்கில் வாக்குச் சேகரிக்க நானும் வீடு வீடாகப் போனேன். இரண்டாம் மாடியில் ஒருவர் கதவைப் பாதி திறந்து, "எனக்குப் படி போதும், நான் எதற்கு வாக்களிக்க வேண்டும்?" என்றார். நியாயமான கேள்விதான். மின்தூக்கி ஏற்கெனவே நிற்கும் மாடியில் இருந்தவர்கள், தங்கள் வாசலில் கூட்டம் குறையும் என்பதற்காகவே ஆதரித்தார்கள். ஏழாம் மாடியில் பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு சீனப் பெரியவரைத் துணை மருத்துவர்கள் நாற்காலியில் வைத்துப் படி வழியாக இறக்கியதை ஒரு நாள் அந்த இரண்டாம் மாடிக்காரர் பார்த்தார். அடுத்த வாரம் அவரே வந்து படிவத்தைக் கேட்டு வாங்கினார். எங்கள் புளோக் தேறியது. தேறாத புளோக்குகளும் உண்டு, அங்கே உறவுகள் நெடுநாள் கசந்தன. 2014 முடிவதற்குள் தகுதிபெற்ற புளோக்குகளில் பெரும்பாலானவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நின்றது.

2007ல் முதன்மை மேம்பாட்டுத் திட்டத்தின் இடத்துக்கு வீட்டு மேம்பாட்டுத் திட்டம் வந்தது. இது நேராக வீட்டுக்குள் நுழைந்தது. கழிவுநீர்க் குழாய்களை மாற்றுவது, உதிரும் காரையைச் சரிசெய்வது போன்ற அத்தியாவசிய வேலைகளைச் சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கச் செலவில் செய்தது. காரை உதிர்வது என்றதும் கட்டியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் காங்கிரீட்டுக்குள் ஊடுருவுகிறது. அதன் காரத்தன்மை குறைந்ததும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு பருத்து, மேலிருக்கும் காரையைத் தள்ளிவிடுகிறது. ஈரமான குளியலறையிலும் சமையலறையிலும் இது சீக்கிரம் நடக்கும். கூரையில் சின்ன விரிசல் கண்ட அன்றே பார்த்தால் செலவு குறைவு. 2018ல் இத்திட்டம் 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வீட்டுக்கு 60, 70 வயதாகும்போது இன்னொரு சுற்று உண்டு என்றும் அப்போது அறிவித்தார்கள்.

கறிக்குழம்பு வாசம்

1971ல் பிரிட்டிஷ் படைகள் விலகிய பின், கடற்படைத் தளத்தைச் சுற்றி வாழ்ந்த தமிழர், மலையாளிக் குடும்பங்கள் பல பின்னாளில் அருகிலிருந்த ஈசூன் அடுக்குமாடிகளுக்குப் போயின. ஒன்றாகப் பழகியவர்கள் ஒன்றாக இருக்கத்தானே விரும்புவார்கள். மற்ற இனத்தவரும் தத்தம் வட்டாரங்களில் திரண்டார்கள். 1989 மார்ச் முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. புளோக்குக்கு இத்தனை விழுக்காடு என்று வரம்பு. இந்தியர்களும் பிற இனத்தவரும் அன்று ஒரு புளோக்கில் 13 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 2010ல் அது 15 ஆனது. வீட்டை விற்க வேண்டியபோது வாங்குபவரின் இனம் பார்க்க வேண்டியிருப்பது நம்மைப் போன்ற சிறுபான்மையினருக்குச் சிரமம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் அண்டை வீட்டார் யார் என்பதையும் இந்தக் கொள்கைதான் தீர்மானித்தது. நம் சமையலறைக்கு அடுத்த சன்னல் பெரும்பாலும் நம் சமையல் அறியாதவருடையது.

2011 ஆகஸ்ட்டில் வந்த செய்தி நினைவிருக்கும். சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று முறையிட்டது. சமூகச் சமரச நிலையத்தில், அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பதென்று இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. நாடே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, ஒரு சட்டி கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் 50,000க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். சீனர், மலாய்க்காரர் எல்லாரும் குழம்பு வைத்தார்கள். நானும் மகிழ்ந்தேன், மறைப்பானேன்.

ஆனால் சட்ட அமைச்சு பின்னர் விளக்கம் கொடுத்தது. அந்தச் சமரசம் சுமார் ஏழு ஆண்டுகளுக்கு முந்தையது. நிலையம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. யோசனையைச் சொன்னதே இந்தியக் குடும்பம்தான். பதிலுக்கு மற்றக் குடும்பம் கறியைச் சாப்பிட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டது. இந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அன்று அதைக் கேட்கும் மனநிலையில் யாரும் இல்லை. இரண்டு வீட்டார் உட்கார்ந்து பேசி முடித்ததை, ஏழு ஆண்டு கழித்து நாம் எல்லாரும் சேர்ந்து திரும்பவும் சண்டையாக்கினோம்.

முதல் சமூகச் சமரச நிலையம் 1998ல் மரின் பரேட்டில் திறக்கப்பட்டது. அங்கே வர எதிர்த்தரப்பு மறுத்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அதன் பலவீனம். 2015ல் இதற்கெனச் சட்டம் வந்து, அண்டை வீட்டார் பூசலுக்கு நடுவர் மன்றமும் அமைந்தது. 2024 நவம்பரில் அச்சட்டம் திருத்தப்பட்டு, சமரசப் பேச்சுக்கு வரும்படி உத்தரவிட வழி பிறந்தது. கடுமையான இரைச்சல் புகார்களைக் கவனிக்கத் தனிப் பிரிவு 2025ல் தெம்பனிஸில் சோதனையாகத் தொடங்கியது. சட்டம் வளர்ந்துகொண்டே போகிறது. அது வளர வேண்டியிருப்பது நமக்குப் பெருமையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சொட்டும் தண்ணீர்

அந்தப் பெண்மணிக்கு வருகிறேன். மேல்வீட்டுத் தரைக்கும் கீழ்வீட்டுக் கூரைக்கும் நடுவில் இருப்பது ஒரே காங்கிரீட் பலகை. அதன் மேல் தண்ணீர் புகாத பூச்சும் சிமெண்டுப் படுகையும் ஓடும் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் தேய்ந்து பூச்சு விட்டுப்போனால் தண்ணீர் இறங்கும். கசிவை விசாரிப்பதும் சரிசெய்வதும் மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவருக்கும் உரிய கூட்டுப் பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், மறுபாதியை இரண்டு வீட்டாரும் சமமாகப் பகிர வேண்டும். இதைத்தான் அன்று இரண்டு நிமிடத்தில் சொன்னேன். "தண்ணீர் அவருடையது, நான் ஏன் கால் பங்கு கொடுக்க வேண்டும்?" என்று அவர் கேட்டதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குளியலறைக் கூரையில் மஞ்சள் வட்டம் ஒன்று தோன்றிச் சொட்டத் தொடங்கியது. மேல்மாடியில் ஒரு மலாய் மூதாட்டி மகனோடு இருக்கிறார். மூன்று முறை போய்ச் சொன்னேன். தம் வீட்டில் எல்லாம் காய்ந்துதான் இருக்கிறது என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். நான்காம் முறை என் மனைவி போனாள். புகார் எதுவும் சொல்லவில்லை, "மக்சிக், கீழே ஒரு நிமிடம் வாருங்களேன்" என்று கையைப் பிடித்து அழைத்துவந்தாள். கூரையைப் பார்த்து அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். மேலிருந்து பார்த்தால் உண்மையிலேயே எதுவும் தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை. அன்று மாலையே மகன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

வேலைக்கு வந்த குத்தகையாளர் மேல்வீட்டைப் பார்த்துவிட்டு என் குளியலறைத் தரையையும் தட்டிப் பார்த்தார். இரண்டு ஓடுகள் வெற்றொலி எழுப்பின. "கீழ்வீட்டார் ஒன்றும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். நம்மவர், எண்பதை நெருங்குபவர், தனியாக இருக்கிறார். மின்தூக்கியில் பார்த்தால் வணக்கம் சொல்வோம், அவ்வளவுதான் பழக்கம். குளியலறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தயங்கித்தான் கதவைத் திறந்தார். கூரையில் என் வீட்டில் இருந்ததைவிடப் பெரிய வட்டம். கீழே ஒரு நீல வாளி, முக்கால் பங்கு நிரம்பியிருந்தது.

"எத்தனை நாளாக, ஐயா?"

"அது இருக்கும் தம்பி, இரண்டு வருஷம். வாத்தியார் வீடு, மேலே வந்து எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். செடிக்கு ஊற்றத் தண்ணீர் ஆயிற்று."

மறுநாள் காலை அவரை அழைத்துக்கொண்டு வீவக கிளை அலுவலகத்துக்குப் போனேன். அவருடைய கால் பங்கையும் நானே கொடுக்கிறேன் என்றதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. விதிப்படி தம் பங்கு தம் பங்குதான் என்று பையிலிருந்து பணத்தை எடுத்தார். இப்போதுதான் விண்ணப்பம் கொடுக்க வந்திருக்கிறோம், பணம் பிறகு என்று அங்கிருந்த பெண் சொன்ன பிறகுதான் மடித்து உள்ளே வைத்தார்.